சுட்ட மண்ணும் சுடாத மண்ணும்

சென்ற மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஹந்தானைச் சாரலில் எமது வீட்டுக்குச் சற்று மேலே பழைய லயத்துக் காம்பராவொன்றில் வாழும் மூதாட்டி ஒருவர், கையில் ஒரு பொட்டலத்துடன் எம் வாயிலில் வந்து நின்றார். "ஐயா, கோழிப்பேனுக்குன்னு டவுன்ல வாங்கினேன். பொட்டலத்துல எழுதியிருக்கிறது ஒண்ணும் வெளங்கல. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். சொல்லி முடிக்குமுன் இருமினார். முதல் நாள் மாலையே இரண்டு கைப்பிடி எடுத்துக் கூட்டுக்குள் வீசியிருக்கிறார் என்பது பின்னரே தெரிந்தது.

பொட்டலத்தில் இருந்தது மாவினும் மெல்லிய தூள்; பளிச்சென்ற வெண்மை. எழுத்தெல்லாம் ஆங்கிலம். தமிழ் இலக்கணம் கற்பிப்பதிலே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட எமக்கு அகராதியின் துணையின்றி அதனைப் படித்தல் இயலவில்லை. ஒருவாறு படித்து, இஃது ஏதோ ஒருவகைப் பாசியின் ஓட்டினால் ஆன மண் என்று மட்டும் அறிந்துகொண்டோம். அப்பெயருக்கு முன்னே நின்ற ஓர் அடைமொழியை, அடைமொழிதானே என்று கருதிக் கடந்துவிட்டோம். இலக்கண ஆசிரியன் ஒருவன் செய்யத் தகாத பிழை அது.

மறுநாள் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பரிடம் பொட்டலத்தைக் காட்டியபோது, அவர் முதலிற் சுட்டியது அந்த அடைமொழியைத்தான். "பண்டிதர் ஐயா, இது நீச்சற்குளத்து நீரை வடிகட்டுவதற்கான சாமான். கோழிக்கூட்டில் தூவுவதற்கானதன்று. அந்த அம்மா இதை இனிக் கையாலும் தொடவேண்டாமென்று சொல்லுங்கள்" என்றார். கடைக்காரரோ, "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லி விற்றிருக்கிறார். ஒன்றுதானா என்று ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

பேராதனைப் பாலத்தின் கீழ் மகாவலி நீர் வற்றும் நாளில் இறங்கி நடந்தவர்கள், கற்களின்மேல் படர்ந்துள்ள பழுப்பு நிறமான வழுவழுப்பை அறிவார்கள். கால் வழுக்கி வீழ்ந்தவர்கள் இன்னும் நன்றாக அறிவார்கள். அவ்வழுவழுப்பிற் பெரும்பகுதி தயற்றம் எனப்படும் நுண்பாசிகளின் கூட்டம். ஒவ்வொன்றும் ஒரே உயிரணு, கண்ணுக்குப் புலனாகாது. நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கினால், மூடியுள்ள குங்குமச் சிமிழ் போல, ஒன்றினுள் ஒன்று பொருந்தும் இரண்டு ஓடுகளுக்குள் அவ்வுயிர் வாழ்வதைக் காணலாம். கிரேக்க மொழியில் அப்பெயருக்கு 'இரண்டாக வெட்டியது' என்பதே பொருள். அவ்வோடு சிலிக்காவினால் ஆனது. கண்ணாடிக்கும் மணலுக்கும் மூலமான அதே பொருள். சல்லடை போன்று அதிலே ஒழுங்காக அமைந்த நுண்துளைகளின் அழகைப் பார்த்தால், பொற்கொல்லர் கையும் தோற்கும் என்றே சொல்லத் தோன்றும். கடலிலும் ஏரியிலும் இவை மடிந்து, ஓடுகள் அடியிற் படிந்து, பல இலட்சம் ஆண்டுகளில் மண்ணாக இறுகுகின்றன. ஜெர்மனியின் லூனபேர்க் வெளியிலும், அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லொம்பொக் என்னும் இடத்திலும் அவ்வாறு அமைந்த பெரும் படிவுகள் உண்டு. எமது பொட்டலத்து மண்ணும் கடல் கடந்து வந்ததே.

ஈண்டு ஒரு சிறு புறநடை. கண்டிக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1867ஆம் ஆண்டில். ஹேவாஹெட்டைப் பகுதியிலே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிடத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. அதே 1867இல் சுவீடன் தேசத்து அல்பிரட் நோபல், தொட்டால் வெடிக்கும் நைதரோகிளிசரீன் என்ற எண்ணெயை இம்மண்ணிலே ஊறவைத்து, மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மண் என்ற கணக்கில் 'டைனமைட்' என்னும் வெடிமருந்தை ஆக்கி உரிமம் பெற்றார். மலையைப் பிளக்கும் எண்ணெயையும் உறிஞ்சி அடக்கிவைக்கும் ஆற்றல் இம்மண்ணுக்கு உண்டு என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது. பூச்சியைக் கொல்வதும் அந்த உறிஞ்சும் ஆற்றலே.

இம்மண்ணின் கூரிய முனைகள் கண்ணாடித் துண்டுபோலப் பூச்சியின் உடலைக் கிழித்துவிடும் என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். உராய்வும் ஓரளவு உண்டு என்பர். ஆயினும் தலையாய காரணம் அஃதன்று. பூச்சியின் உடலைச் சுற்றி மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று இருக்கிறது. உடல் நீர் வெளியேறாமற் காப்பது அது. இத்தூளின்மேல் பூச்சி நடந்து திரியும்போது, அம்மெழுகை ஓடுகளின் நுண்துளைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. உடல் சிறிது; உடலை நோக்க மேற்பரப்போ பெரிது. ஆதலின் காவல் இழந்த பூச்சி விரைவில் நீரை இழந்து, சில நாட்களில் உலர்ந்து மாள்கிறது. இதில் நஞ்சு என்பதே இல்லை. தாகத்தால் நேரும் சாவு என்க. நஞ்சு அன்மையால், நஞ்சுக்குப் பழகிக்கொள்வது போல இதற்குப் பூச்சிகள் எளிதிற் பழகிக்கொள்வதும் இல்லை.

இதனைக் கேட்டவுடன் எமக்கு நினைவு வந்தது எம் பாட்டியாரின் பயற்றுப் பானை. விதைக்கென வைக்கும் பயற்றைச் சலித்த அடுப்புச் சாம்பலோடு கலந்து, பானையின் வாயிற் சாம்பலை ஒரு விரற்கடை கனத்துக்குப் பரப்பி, வேப்பிலை வைத்து மூடுவார். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்தி வைப்பதும் அவ்வினத்ததே. கண்டியச் சிங்களக் குடிகளின் முற்றங்களில் நின்ற 'வீ பிஸ்ஸ' என்ற நெற்கூடு, கல்லின்மேலோ மரக்காலின்மேலோ உயர்த்தப்பட்டு, களிமண்ணாலும் சாணத்தாலும் மெழுகப்பட்டிருந்ததும் நெல்லை உலர்வாக வைத்துக் காப்பதற்கே. மெழுகின் கதையை அவர்கள் அறியார். ஆனால் உலர்ந்த தூளிடையே வண்டு பிழைக்காது என்பதை அறிந்திருந்தார்கள்.

நெற்பயிரும் மண்ணிலிருந்து சிலிக்காவை உண்டு தன் உமியிலே சேர்த்துவைக்கிறது. ஆகவே உமியைச் சுட்ட சாம்பலில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேற்பட்டது சிலிக்காவாக இருப்பது வழக்கம். கடலடியில் நுண்பாசி செய்யும் தொழிலைத் தும்பறை வயலிலே நெல் செய்கிறது என்று சொன்னால் அது வெறும் அணியன்று. ஆனால் சாம்பலும் இம்மண்ணும் சமம் என்று நாம் சொல்ல வரவில்லை. மெழுகை உறிஞ்சுவதில் இம்மண் மிக வல்லது. தானியத்துக்கு இடுவதாயின் ஒரு தொன்னுக்கு ஒன்றிரண்டு கிலோ என்ற அளவிலே, அதாவது ஒரு கிலோ பயற்றுக்கு ஒன்றிரண்டு கிராம் அளவிலேயே இது தொழிற்படும். சாம்பலோ நூற்றுக்குச் சில பங்கு கலந்தாலன்றிப் பயன் தராது. பாட்டியார் பானை நிறையக் கொட்டியது வீணன்று.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களையும் பீடைகொல்லிகளையும் நாட்டிற்குள் இறக்குதல் தடுக்கப்பட்டு, நவம்பரிலே அத்தடை நீக்கப்பட்டமை வாசகர் நினைவில் இருக்கும். அவ்விடைக்காலத்தில் எம் அயலவர் பலர் மறந்துபோன சாம்பற் பானையைத் தேடினர். கடல் கடந்த மண்ணைத் தேடியவரும் உண்டு. அதனை எவ்வாறு கையாளுவது என்று தமிழிற் சொல்லுவார்தாம் இல்லை.

சொல்லக்கூடியவர் இல்லாமலும் இல்லை. நம் ஊரிலேயே இருந்திருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்தைச் சேர்ந்த ரோஹித பிரசந்த, பேர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் 2003ஆம் ஆண்டு கலாநிதிப் பட்டத்துக்காக மேற்கொண்ட ஆய்வின் பொருள், அவரை வண்டையும் பயற்று வண்டையும் இம்மண் எவ்வாறு தாக்குகிறது என்பதே. வெப்பமும் காற்றின் ஈரமும் மாறும்போது அதன் ஆற்றல் எவ்வாறு மாறுகிறது என்பதும் அவர் தம் குழுவினருடன் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று. காற்று உலர்ந்திருந்தால் வலிமை மிகும். ஈரம் ஏறினால் குறையும். வண்டு இழந்த நீரை ஈரக்காற்று மீளக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி நம் ஊரைப் பாருங்கள். ஆண்டிலே இரு பருவ மழை, காலையிலே ஏரியின்மேல் பனிமூட்டம், சுவரிலே பூஞ்சணம், அலமாரியில் வைத்த புத்தகம் ஆடி மாதத்திலே ஈரத்தால் ஊதி நிற்கும். கலிபோர்னியாவின் வறண்ட வெளியிலே சொல்லப்பட்ட பயன்களை எல்லாம் கண்டியிலும் எதிர்பார்த்தல், பாலைக்குச் சொன்ன ஒழுக்கத்தைக் குறிஞ்சியிலே தேடுவதை ஒக்கும். எம் நண்பர் ஒருவர் இத்தூளை வாசற்படியிலே கோடாக இட்டு நத்தையையும் அட்டையையும் தடுக்க முயன்றார். அன்றிரவே தூறல். மறுநாட் காலை அக்கோடு கஞ்சியாகிக் கிடக்க, நத்தை அதன்மேல் ஏறிச் சென்ற தடமும் இருந்தது. நனைந்தால் இது வெறுஞ் சேறு. உலர்ந்தால் ஓரளவு மீண்டும் தொழிற்படும். தோட்டத்திலே ஒவ்வொரு மழைக்குப் பின்னும் தூவுவார் யார்?

ஆதலின் இதற்குத் தக்க இடம் கூரையின் கீழ் உள்ள உலர்ந்த இடம். பெரும்போக நெல்லும் பயறும் மாசி, பங்குனியிலே வீடு சேர்கின்றன. கண்டியில் மழை குறைந்த காலம் அது. நன்றாகக் காய வைத்து, ஆறவிட்டு, வண்டு காணுமுன்னரே தூளைக் கலந்து, இறுக மூடிய கலத்தில் வைத்தால் விதைப் பயறு காக்கப்படும். 'வண்டு காணுமுன்' என்பதை அழுத்திச் சொல்கிறோம். அரிசி வண்டின் குஞ்சும் பயற்று வண்டின் குஞ்சும் மணியின் உள்ளேயிருந்து தின்பவை. தூள் அங்கே புகாது. வளர்ந்து துளைத்து வெளிவந்து நடக்கும்போதுதான் அவை அகப்படும். பாதி உளுத்த பயற்றிலே இதனைக் கொட்டி, "ஒன்றும் நடக்கவில்லை" என்று நொந்துகொள்வதிற் பயனில்லை. உண்பதற்கான பயறாயின் சமைக்குமுன் நன்கு கழுவவேண்டும் என்பதைப் பெண்மக்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

வீட்டினுள்ளே அலமாரியின் பின்புறம், சுவர் வெடிப்பு, கட்டிற்காலின் மூட்டு ஆகிய இடங்களில் மிக மெல்லியதாகத் தூவினால் எறும்பு, கரப்பான், மூட்டைப்பூச்சி ஆகியவை குறையும். குவியலாக இட்டால் அவை சுற்றிப் போய்விடும். மற்றொன்று, இதற்குப் பொறுமை வேண்டும். தெளித்தவுடன் சுருண்டு விழும் காட்சியை இது காட்டாது.

கோழிக்கு வருவோம். கோழிகள் புழுதியாடுவதை யாவரும் கண்டிருப்போம். குழி பறித்து, சிறகை விரித்து, இறகின் அடிவரை மண்ணை ஏற்றி உதறும். பேனையும் உண்ணியையும் போக்க அவை தாமாகவே கண்ட வைத்தியம் அது. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இம்மண்ணோ, வெண்களிமண்ணோ, கந்தகமோ கலந்த புழுதிப் பெட்டியைக் கூட்டில் வைத்தபோது, அதில் இறங்கிக் குளித்த கோழிகளின் உண்ணிகள் பெரிதும் குறைந்தமை காணப்பட்டது. கந்தகம் தவிர மற்றவற்றாற் குளிக்காத கோழிக்குப் பயனில்லை. ஆகவே கூடெங்கும் வீசுதல் தேவையில்லை. ஒரு பெட்டியில் மணலோடும் சாம்பலோடும் கலந்து வைத்தால் கோழியே தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். வெண்களிமண்ணும் பயன் தந்தது என்பதைக் கவனிக்க. அது நம் நாட்டிலேயே பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் கிடைப்பது.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் இதனைத் தீவனத்தில் ஊட்டினால் குடற்புழு ஒழியும் என்ற பேச்சு இப்போது பரவலாக உள்ளது. தீவனம் கட்டிபடாதிருக்க நூற்றுக்கு இரண்டு பங்கு வரை சேர்க்க அமெரிக்காவில் இடமுண்டு, அது வேறு. குடற்புழுவுக்கு இது மருந்தாகும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. மாட்டின் வயிறு ஈரமான இடம் அன்றோ? மெழுகை உறிஞ்சி உலர்த்தும் தொழில் அங்கே எப்படி நடக்கும்? கறக்கும் பசுவொன்றை நம்பி வாழும் லயத்துக் குடும்பம் இப்பேச்சை நம்பிக் காலம் தாழ்த்தலாகாது. கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும், பேராதனையில் மிருக வைத்தியசாலையும் நமக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன.

தோட்டத்தைப் பற்றி மேலும் ஒன்று. மிளகும் சாதிக்காயும் பலாவும் கோப்பியும் ஒன்றன் நிழலில் ஒன்று வளரும் கண்டிய வீட்டுத்தோட்டத்திற் பூவுக்குப் பூ தேனீ வரும். இத்தூளுக்குத் தேனீயும் வண்டும் ஒன்றே. மலர்ந்த செடியிலே தூவுவது தேனீயைத் தாகத்தாற் கொல்வதாகும்.

இனி, நாம் கடந்துபோன அந்த அடைமொழி. இம்மண் குழியிலிருந்து எடுக்கப்பட்டு, உலர்த்தி, பொடித்து விற்கப்படுவது ஒருவகை. சாம்பல் நிறமோ மங்கிய வெண்மையோ உடையது. பூச்சிக்கும் தானியத்துக்கும் ஆனது இதுவே. மற்றொரு வகையைச் சூளையில் இட்டு 900, 1,000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீற்றுகிறார்கள். சோடா உப்புச் சேர்த்து நீற்றுவதும் உண்டு. நீச்சற்குளத்து நீரையும் சர்க்கரைப் பாகையும் வடிகட்ட அது சிறந்தது. ஆனால் அவ்வெப்பத்திலே சிலிக்காவின் அமைப்பு மாறிப் பளிங்குருக் கொள்கிறது. பளிங்குருக் கொண்ட சிலிக்காத் தூளை நீண்ட காலம் சுவாசித்தால் நுரையீரல் வடுப்பட்டு இறுகும். தொழிலிடங்களிற் சுவாசிக்கப்படும் அத்தகைய தூளைப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதற் பிரிவிலே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1997இல் வைத்தது. பளிங்குரு அற்ற பச்சை மண்ணுக்கு அத்தீர்ப்பு இல்லை. எனினும் அதுவும் நுண்தூளே. மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொண்டு, காற்றடிக்காத வேளையில், சிறிது சிறிதாகவே கையாளவேண்டும். குழந்தைகள் அருகில் இருத்தலாகாது.

கொடுமை யாதெனில், சோடா உப்புச் சேர்த்து நீற்றிய மண்ணே கண்ணைப் பறிக்கும் வெண்மையுடையது. எம் மூதாட்டியார் கடையிலிருந்த இரண்டில் வெண்மையானதைத்தான் 'சுத்தமானது' என்று பொறுக்கியெடுத்தார். பொட்டலத்திலே தமிழில் ஒரு சொல் இருந்திருந்தால் அவர் இருமியிருக்கமாட்டார். பூச்சிக்கு மருந்தென விற்கும் பொருள் எதுவாயினும், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பதிவாளர் அலுவலகம் கெட்டம்பேயில் இருக்கிறது, கேட்டறியலாம். ஆனால் கேட்பதற்கும் ஒரு பெயர் வேண்டுமே.

பெயர் வைப்பது எம் தொழிலாதலின் அதற்கு முற்பட்டோம். மண்ணுக்குப் 'பாசிமண்' என்றும், வகை இரண்டுக்கும் 'நீற்றாப் பாசிமண்', 'நீற்றிய பாசிமண்' என்றும் பெயரிட்டு, 'நீறு' என்ற சொல் திருநீற்றையும் சுண்ணாம்பையும் புழுதியையும் ஒருங்கே குறிக்கும் நயத்தை வியந்து, மறுநாள் மாலை லயத்துக்குச் சென்று மூதாட்டியாருக்கு விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப ஐயா, ஒண்ணு சுட்ட மண்ணு, ஒண்ணு சுடாத மண்ணு. அப்படித்தானே?" என்றார்.

ஒளவையாரை நாவல் மரத்தடியில் நிறுத்திக் கேட்ட இடைச்சிறுவனின் கதையை ஆண்டுதோறும் வகுப்பிலே சொல்லிவருகிறோம். அன்று எமக்கு நேர்ந்ததும் அதுவே. பண்டிதன் இரண்டு நாள் தேடிய சொல் அவர் நாவின் நுனியிலே கிடந்தது.

வெள்ளைப் பொட்டலத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்து, தூசு எழாதபடி பையில் இட்டுக் கட்டி எடுத்துவந்துவிட்டோம். கூட்டின் தரையையும் நனைத்தே வழித்தெடுத்தார்கள். இப்போது அவர் கோழிகளுக்கு ஒரு பழைய தேயிலைப் பெட்டி இருக்கிறது. அதிலே ஆற்று மணலும், மிலாறு எரித்த அடுப்புச் சாம்பலும், எம் நண்பர் தேடிக் கொடுத்த சுடாத மண் ஒரு சிறங்கையும் கலந்திருக்கின்றன. மழை நாளில் அதனைத் தகரத்தால் மூடிவைக்கிறார். சிவப்புக் கோழி மட்டும் அப்பெட்டியை ஏறெடுத்தும் பாராமல், வாசலிலே எமது செவ்வந்திப் பாத்தியிற் குழி பறித்துப் புழுதியாடுகிறது.